தபால் கார்டில் போன பாட்டு

சினிமாவில் வராத பாட்டுக்கு ஆயுள் உண்டா? தமிழ்நாட்டில் பாட்டு எழுதத் தொடங்கும் ஒவ்வொருவரையும் இந்தக் கேள்வி ஒரு நாள் மிரட்டாமல் விடுவதில்லை. தாமே எழுதி, மெட்டமைத்து, பாடி, கைப்பணத்தைப் போட்டு முதல் ‘ஆல்பம்’ வெளியிடத் துணியும் இன்றைய இளைஞர்களையும் யுவதிகளையும் உற்றார் உறவினர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “அதெல்லாம் சரி, எந்தப் படம்?”

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள அந்த ஊரில் ரங்கராஜன் என்று ஒரு பிள்ளை வளர்ந்தார். 1931-ல் பிறந்தவர். அவருக்கு ஆசையெல்லாம் சித்திரத்தின் மேல்தான். பிரபல ஓவியர் ‘மாலி’யைப் போல வர வேண்டும் என்று பள்ளித் தோழர் ஒருவர் அவருக்கு வைத்த பெயர் ‘வாலி’. சித்திரக்காரருக்கென்று வைத்த பெயர் கவிஞருக்கு நிலைத்துவிட்டது!

வாலியும் நண்பர்களும் சேர்ந்து ‘நேதாஜி’ என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். கையெழுத்துப் பத்திரிகை என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. அச்சும் கிடையாது, முதலாளியும் கிடையாது. எழுதுவதும் படம் போடுவதும் தாள்களைத் தைப்பதும் ஆசிரியர் குழுவேதான். முதல் இதழை வெளியிட்டவர் யார் தெரியுமா? சாட்சாத் கல்கி அவர்களே! அந்தக் குழுவில் இருந்த ஓர் ஒல்லிப் பையன் பிற்பாடு எழுத்தாளர் சுஜாதா ஆனார். விழாவுக்கு வந்திருந்த வானொலி அதிகாரி மூலமாக, 1939 முதல் இயங்கி வந்த திருச்சி வானொலி நிலையத்துக்குக் கதையும் நாடகமும் எழுதும் சந்தர்ப்பம் வாலிக்குக் கிடைத்தது. சொந்த முயற்சியில் பிறந்த பத்திரிகை வானொலியின் கதவைத் திறந்துவிட்டது.

அடுத்ததுதான் விசேஷம். ஐம்பதுகளில் வாலி முருகன் மீது ஒரு பாட்டு எழுதினார். அரங்கன் ஊரின் ஐயங்கார்ப் பிள்ளை கந்தனைப் பாடியது ஒரு வேடிக்கை என்றால், அதை ஒரு தபால் கார்டில் எழுதிப் பின்னணிப் பாடகர் டி.எம்.சௌந்தரராஜனுக்கு அனுப்பியது இன்னொரு வேடிக்கை. சிபாரிசுக் கடிதம் இல்லை, தரகர் இல்லை. செலவு ஒரு கார்டின் விலை. சௌந்தரராஜன் தாமே மெட்டமைத்துப் பாடினார். ‘கற்பனை என்றாலும்’ என்று தொடங்கும் பாட்டு அதுதான்.

அக்காலத்தில் பாட்டு எழுதுகிறவர் தாமாக இசைத்தட்டு போட்டுவிடுவது சுலபமல்ல. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். பதிவுக்கூடமும் தொழிற்சாலையும் கம்பெனியின் கையில். எந்தப் பாட்டு தட்டாகும் என்பதைத் தீர்மானிப்பதும் கம்பெனிதான். ஆகவே கவிஞருக்குப் புகழ்பெற்ற குரல் ஒன்றின் தயவு வேண்டியிருந்தது.

பாட்டு நிலைத்தது, ஆனால் பாட்டு எழுதியவருக்கு அது சோறு போட்டதா? அங்கேதான் சங்கடம். சென்னைக்கு வந்த வாலிக்கு 1958-ல் ‘அழகர்மலைக் கள்வன்’ படத்தில் முதல் வாய்ப்பு கிடைத்தது. பிறகு பல வருஷங்கள் திண்டாட்டம். சென்னையை விட்டே கிளம்பிவிட இருந்த சமயத்தில், பி.பி.ஸ்ரீனிவாஸ் ‘சுமைதாங்கி’ (1962) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய புதுப் பாட்டைப் பாடிக் காட்ட, அதைக் கேட்டு மனம் மாறித் தங்கிவிட்டார். 1963-ல் ‘கற்பகம்’ வெளிவந்த பிறகுதான் வாழ்வு மலர்ந்தது.

இன்றைய நிலைமை வேறு. ஒரு மைக்கும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் உறையூரில் உள்ள ஒரு வீட்டின் மாடி அறையே பதிவுக்கூடம். மெத்தையையும் கம்பளியையும் சுவரில் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். இரவில் முடித்த பாட்டைச் சில நாட்களில் உலகம் முழுவதும் கேட்கச் செய்யலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் வாசலில் ஒரே கூட்டம்! பதிவு செய்வதைவிடக் கேட்கச் செய்வதுதான் இப்போது கஷ்டம்.

ஆகவே முதல் ஆல்பம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சட்டப்படி வரிகளின் உரிமை ஒன்று, மெட்டின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்கிறவரே ஒலிப்பதிவின் தயாரிப்பாளர். சொந்தமாகத் தயாரிப்பவருக்கு மூன்றுமே சொந்தம். யாராவது நயமாகப் பேசிக் காகிதத்தை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். கால வரம்பு குறிக்கப்படாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் சட்டம் கொள்ளும். 2012-ல் வந்த திருத்தத்தின்படி, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தமக்குரிய சம பங்கை விட்டுக் கொடுக்கவே முடியாது. அந்தக் கால வாலிக்கு இந்தப் பாதுகாப்பு இருந்ததில்லை.

2013 மே 25-ல் சௌந்தரராஜன் மறைந்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 18-ல் வாலியும் மறைந்தார். பாட்டு மறையவில்லை. முருகன் கோயில் ஒலிபெருக்கியில் அது ஒலிக்கும்போது மாலை தொடுக்கும் அம்மாள் கூடவே முணுமுணுக்கிறாள். “எந்தப் படம்?” என்று அவள் கேட்பதில்லை.