கொப்பரை ஆகும்வரை

அன்னூர் ரோட்டுத் தேநீர்க் கடையில், பக்கத்து பெஞ்சுப் பெரியவர் கேட்டார்: “ஏனுங் தம்பி, கண்ணுல புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்னு எங்கய்யன் காலத்துல சொல்லுவாங்க. இப்ப உடனே எடுக்கறாங்களே, காசுக்குத்தானுங்களா?”

அந்தப் பேச்சு அந்தக் காலத்துக்குச் சரிதான். அப்போது கருவிழி ஓரத்தில் அரைவட்டமாகக் கீறி, லென்ஸை உறையோடு முழுசாக வெளியே எடுத்தார்கள். அங்கே வைக்க ஒன்றுமில்லை, சோடாபுட்டிக் கண்ணாடிதான். அதில் பார்த்தால் எல்லாமே கால்வாசி பெரிதாகத் தெரியும், படி எங்கே என்று கால் தடவும். இருக்கிற பார்வைக்கு அதுவே மேல் என்று ஆன பிறகுதான் கத்தியை எடுத்தார்கள்.

இப்போது கணக்கே வேறு. 1967இல் நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன், பல் டாக்டரின் காரை நீக்கும் கருவியைப் பார்த்து யோசித்துக் கொண்டுவந்த முறை இது. மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத துளை வழியாக அதிரும் ஊசியை விட்டு, புரையை உடைத்து உறிஞ்சி, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே விரித்துவிடுவார்கள். தையல் இல்லை. ஊரில் பலர் ‘லேசர்’ என்பது இதைத்தான். இதில் லேசரே கிடையாது, ஒலி அதிர்வு. நிஜ லேசர்ப் பொறியும் உண்டு. காசு கூட. ஆனால் 2020இல் வெளியான பெரிய பிரெஞ்சு ஆய்வில் அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை.

“அப்ப முத்துனா என்னங்க?”

இளநீர் வழுக்கையைக் கரண்டியால் வழிக்கலாம். காங்கேயம் கொப்பரையை? முத்திய புரைக்கு அதிர்வை ஏற்ற வேண்டும். அந்தச் சூட்டிலும் அதிர்ச்சியிலும் கருவிழியின் உள்பக்கச் செல்கள் சாகும். செத்தவை திரும்ப முளைக்காது. அப்படிப்பட்ட கண்ணுக்கு, சற்றே பெரிய, தானாக மூடிக்கொள்ளும் கீறல் போட்டுக் கையாலேயே எடுக்கும் முறை உண்டு. மட்டமான வழி என்று நினைக்க வேண்டாம். கண் முகாமிலிருந்து பஸ்ஸில் வந்த ஏழைகளில் எத்தனையோ பேருக்குப் பார்வை தந்தது அதுதான். மதுரையில் 1992இல் ஆரோலேப் நிறுவனம் லென்ஸ் செய்யத் தொடங்கி விலையைத் தரைக்கு இறக்கியதும் அதற்குத் துணை.

“சீழ் வைக்குமுங்களா?”

அபூர்வம். அறுவை முடியும்போது கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்து விடுகிறார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சம் அறுவைகளுக்கு மேல் பார்த்ததில், சீழ்த்தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02க்கு இறங்கியிருக்கிறது.

“அப்ப எப்பத்தான் எடுக்கோணும்?”

“உங்க வேலைக்கு அது குறுக்க நிக்கறப்பங்க. பஸ் போர்டு தெரியுதுங்களா?”

“எங்க? கண்டக்டரக் கேட்டுத்தான் ஏறறனுங்க” என்று டம்ளரை வைத்தார். அந்தக் கையும் பெஞ்சைத் தடவித்தான் வைத்தது.