கடையில் ஒரு வண்ண மீன் தொட்டி: கப்பி வளர்ப்போர் பார்க்க வேண்டிய கணக்கு

வணிகர்களாகிய நாம் காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு 10 மணிக்குத்தான் இறக்குகிறோம். நாள் முழுவதும் தராசும் பில் புத்தகமும்தான் கண்ணுக்கு முன்னால். கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்று பல கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் வண்ண மீன் தொட்டி வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தீபாவளிக்கு வாங்கிய தொட்டி பொங்கலுக்குள் காலியாகி, அதற்குள் சோப்புக் கட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் கடைகளையும் பார்க்கிறோம். "ராசி இல்லை" என்கிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மீன் சாவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணங்களைத் தவிர்க்கவும் முடியும். அழுகிய வெங்காயத்தை நட்டக் கணக்கில் எழுதிவிடலாம். ஓர் உயிரை அப்படி எழுத மனம் வருவதில்லை.

எந்த மீன்?

புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது கப்பி. ஆண் மீன் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். வால் மட்டும் பட்டுச் சேலைத் தலைப்புப் போல விரியும். தென் அமெரிக்காவின் வெனிசுவேலா, அருகிலுள்ள டிரினிடாட் தீவு ஆகியவை இதன் சொந்த ஊர். டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பிய மீனுக்கு 1866இல் அவர் பெயரையே வைத்தார்கள். 1859இலேயே வேறொருவர் இம்மீனை விவரித்திருந்தது பின்னர் தெரிந்ததால் விஞ்ஞானப் பெயர் மாறிற்று. மக்கள் வாயில் 'கப்பி' நிலைத்துவிட்டது.

இது முட்டையிடுவதில்லை, குட்டி போடும் மீன். நம் சமவெளி ஊர்களின் வெப்பமே இதற்குப் போதும். உப்புச் சத்துள்ள போர்வெல் தண்ணீரிலும் நன்றாக வாழும். சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் எளிதாகக் கிடைக்கும்.

தொட்டியும் இடமும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி போதுமானது. கணக்குப்படி 56 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 40 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். கண்ணாடி, மணல், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 70 கிலோ. ஆட்டம் காணும் ஸ்டூலில் வைக்கக் கூடாது. மட்டமான பலகை போட்டு, அதன்மேல் தெர்மோகோல் அட்டை வைத்துத் தொட்டியை இறக்க வேண்டும். நேர் வெயில் படும் இடம் ஆகாது. வெயில் பட்டால் கண்ணாடி முழுவதும் பச்சைப் பாசி படியும்.

அடியில் நன்றாகக் கழுவிய பருமணல் 2 அங்குலம் பரப்பி வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா போன்ற செடிகளை நடலாம். ஜாவா பாசியை ஒரு கல்லில் நூலால் கட்டி வைத்தால் போதும். இவற்றுக்கு நாளொன்றுக்கு 7, 8 மணி நேரம் எல்.இ.டி. விளக்கு வேண்டும். குளத்திலிருந்து செடி கொண்டுவந்தால் அலசிப் பார்த்து நடுங்கள். அதில் ஒளிந்து வரும் தட்டான்பூச்சிப் புழு குட்டிகளைத் தின்றுவிடும்.

பொறுமையே முதல் முதலீடு

பெரும்பாலான தொட்டிகள் காலியாவது இந்த இடத்தில்தான். காலையில் தொட்டி, மாலையில் மீன் என்று அவசரப்படுகிறார்கள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும்; அது செடிக்கு உரம். இந்த நுண்ணுயிர்கள் பில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை செடிகளை நட்டு, பில்டரை ஓடவிட்டு, நாளும் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் போட்டு வாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனைத் திரவத்தில் தெரிந்த பிறகு மீன் வாங்கலாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். மினரல் வாட்டர் வேண்டாம். கப்பிக்கு வேண்டிய தாதுக்கள் அதில் குறைவு. தண்ணீர் தெளியப் படிகாரமும், நோய் வராதிருக்கக் கல்லுப்பும் போடச் சொல்வோர் உண்டு. இரண்டும் நம் கடையிலேயே இருப்பதால் கை நீளும். படிகாரம் தண்ணீரின் தன்மையைக் கெடுக்கும். உப்பு செடிகளை வாட்டும்.

கடைக்காரர் கவனிக்க

இரவு பூட்டும்போது மெயின் ஸ்விட்சை அணைப்பது நம் வழக்கம். பில்டர் நின்றால் பிராணவாயு இல்லாமல் நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். ஆகவே பில்டருக்குத் தனி லைன் எடுங்கள். 5 வாட் பில்டர் மாதம் முழுவதும் ஓடினால் 3.6 யூனிட், 10 வாட் விளக்கு நாளும் 8 மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். மொத்தம் 6 யூனிட்தான்.

கொசு மருந்து, கரப்பான் ஸ்பிரே, சாம்பிராணிப் புகை ஆகியவற்றைத் தொட்டியருகே அண்டவிடாதீர்கள்; காற்று மோட்டார் அந்தப் புகையை அப்படியே தண்ணீருக்குள் இழுத்துவிடும். தானிய மூட்டைகளுக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடும் கிடங்கில் தொட்டியே வைக்கக் கூடாது. அந்த வாயு மனிதருக்கே எமன். மாவுத் தூளும் மிளகாய்த் தூளும் விழாமல் மூடி போடுங்கள். பொரியை அள்ளிப் போடும் சின்னக் கைகளிடமிருந்தும் அந்த மூடி காப்பாற்றும்.

அளவு

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு. விடுமுறை நாளில் போடாவிட்டாலும் பாதகமில்லை. மிஞ்சிய உணவு அழுகித்தான் தண்ணீர் கெடுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பில்டர் பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் ஆறு வாரச் சம்பாத்தியம் ஒரே நாளில் போய்விடும்.

மீன் எண்ணிக்கையிலும் அகலக் கால் வைக்காதீர்கள். ஒரு தாய் மாதத்துக்கு 25 குட்டி என்று வைத்தாலும் 4 தாய் 100 குட்டி போடும். தாய் மீன் ஒருமுறை சேர்ந்தால் போதும். ஆண் இல்லாமலே அடுத்தடுத்துப் பல மாதம் குட்டி போடும். பெரிய மீன்கள் குட்டிகளைத் தின்றாலும் அடர்ந்த செடிக்குள் ஒளிபவை தப்பிவிடும். விற்காத சரக்கைக் கிடங்கில் நிறைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா? முதல் ஆண்டு ஆண் மீன் மட்டும் 8 வாங்கினால் அழகும் உண்டு, தொல்லையும் இல்லை.

குட்டிகள் மிஞ்சினால் மற்ற வணிக நண்பர்களுக்குக் கொடுங்கள். ஏரியிலும் கோயில் குளத்திலும் விடுவது புண்ணியம் அன்று. வெளிநாட்டு மீன் நம் நாட்டு மீன்களின் குஞ்சையும் இரையையும் தின்னும். 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் மீன் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து, தொட்டியில் இடமின்றி ஏரிகளில் விடப்பட்டு, இன்று மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. 2 அடித் தொட்டிக்கு அதை வாங்கவே வேண்டாம்.

கடைக்கு வரும் வாடிக்கையாளர் நம் தராசைப் பார்க்கிறார், சரக்கைப் பார்க்கிறார், தொட்டியையும் பார்க்கிறார். கலங்கிய தண்ணீரில் செத்து மிதக்கும் மீனைக் கண்டவர், அதே கையால் அளந்து கொடுக்கும் பருப்பைப் பற்றி என்ன நினைப்பார்? வாரம் அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் தொட்டி வாங்குங்கள். முடியாது என்றால் சுவரில் ஒரு நல்ல காலண்டரை மாட்டுங்கள். அதில் யாருக்கும் நட்டமில்லை.