சாரல் காலத்துக் கருவாடு

தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. தூத்துக்குடிக் கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும். ஆனாலும் குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பிச்சா, எங்க தெருவில கருவாடு வறுக்கிற வாசனை வந்துடும்.

குளிருக்குக் காரமா ஏதாவது வேணும்ங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம் நாள்காட்டியில இருக்கு. கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. ஆரியங்காவு தாண்டி கேரளத்தில், ஜூன் 10 வாக்கில் தொடங்கி ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை. ஜூனில் சில நாள் ரெண்டு தடையும் ஒண்ணா வரும். நாட்டுப்படகு மீன் வரும், விலை கையைக் கடிக்கும். கருவாடுதான் கதி.

சிக்கல் என்னன்னா, கருவாடு அதிகம் வேண்டியிருக்கிற இந்த மாதங்கள்லதான் அது சீக்கிரம் கெட்டும் போகுது. சாதாரண உப்புக்கு ஒரு கணக்கு இருக்கு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா, அது காற்றிலிருந்தே தண்ணியை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். சீசன்ல உப்பு ஜாடி நீர் விடுதே, அதேதான் உப்புக் கருவாட்டிலயும் நடக்குது. வெயிலும் இல்லை, திரும்பக் காய வைக்க முடியாது.

ஈரம் ஏறின கருவாட்டில சில சமயம் இளஞ்சிவப்பா ஒரு பூச்சு படரும். நிறையப் பேர் அதை மசாலா, சாயம்னு நினைக்கிறாங்க. அது உப்பு மிகுந்த இடத்தில் மட்டுமே வாழற நுண்ணுயிர். உப்பு விளையும் முன் உப்பளப் பாத்தித் தண்ணியைச் சிவக்க வைக்கிறதும் இந்த வகைதான். கடல் உப்போடவே கருவாட்டுக்கு வந்து சேருது. சிவந்து, பிசுபிசுன்னு, நாத்தம் மாறியிருந்தா தூக்கிப் போட்டுடுங்க. சாளை, மாசி மாதிரி வகைகள்ல இன்னொரு விஷயமும் உண்டு. உப்புப் போடுமுன்னே மீன் கெட்டிருந்தா அதில ஹிஸ்டமின் சேர்ந்திருக்கும். எவ்வளவு வறுத்தாலும் அது அழியாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து தடிப்பு வர்றது இதனாலயும் இருக்கலாம்.

எங்க ஆச்சி கருவாட்டை ஓலைப்பெட்டியில போட்டு விறகடுப்புக்கு மேல உறி கட்டித் தொங்கவிடுவா. பூனைக்குப் பயந்துன்னுதான் ரொம்ப நாள் நினைச்சேன். காற்று சூடானா அதன் ஈரப்பதச் சதவீதம் இறங்கும். ஊரே நனைஞ்சு கிடந்தாலும் அடுப்புக்கு மேல அந்த ஒரு சாண் இடம் 75-க்குக் கீழ இருந்திருக்கும். பூனையும் ஒரு காரணமா இருந்திருக்கலாம், ஆச்சியிடம் கேக்கல.

கேஸ் அடுப்பில அது நடக்காது. நான் செய்யறது இதுதான். நெத்திலியை வாங்கினதும் தலையைக் கிள்ளி, எண்ணெய் விடாம சட்டியில மொறுமொறுன்னு வர்ற வரை வறுத்து, ஆறினபிறகு காற்றுப் புகாத டப்பாவில அடைச்சு ஃபிரிட்ஜில வைக்கிறேன். சூட்டோட மூடினா உள்ளே வேர்த்து எல்லாம் வீண். ஒரு பெரிய டப்பாவைவிட ஒருநாளைக்கு ஒண்ணுன்னு சின்னச் சின்ன டப்பா நல்லது. குளிர்ந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்றின் ஈரம் கருவாட்டில படியும்.

பழைய சோத்துக்குத் தொட்டுக்கத் துவையல்தான் சுலபம். ஒரு கைப்பிடி நெத்திலியை வெந்நீரில ரெண்டு மூணு தரம் அலசணும், கடல் மணல் இருக்கும். ஈரம் போக மறுபடி வறுத்து, வறுத்த வத்தல் நாலு, சின்ன உள்ளி பத்து, கொட்டைப்பாக்களவு புளி, தேங்காய் ஒரு கீத்து வச்சு கொரகொரன்னு அரைக்கணும். உப்பைக் கடைசியில, ருசி பார்த்துத்தான்.

சாளைக்கு உப்பு அதிகம். கால் மணி நேரம் வெந்நீரில ஊறப்போட்டு, செதிலைச் சுரண்டி, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும். ரத்தக்கொதிப்புக்காரங்க தண்ணியை இன்னொரு தரம் மாத்துங்க. பிறகு நல்லெண்ணெயில உள்ளி, பூண்டு வதக்கி, கத்தரிக்காயை நீளவாக்கில வெட்டிப் போட்டுப் பாதி வெந்ததும் கருவாட்டைச் சேர்க்கணும். முதல்லயே போட்டா கரைஞ்சு முள்ளுதான் மிஞ்சும். மூடி போடாம சுண்ட விடுங்க. கொஞ்சம் அடிப்பிடிச்சாலும் பரவாயில்லை, எங்க வீட்டில அந்தக் காந்தலுக்குத்தான் சண்டை.