மன்னிப்பைப் பெறுதலும் அளித்தலும்



கல்முனைக் கரையோரத்திலே பாங்கொலியும் தேவாலய மணியோசையும் கோயில் மணியோசையும் அடுத்தடுத்துக் கேட்கின்றன. ஓசைகளை அறிந்த அளவுக்கு அவற்றின் பின்னுள்ள கருத்துக்களை நாம் அறிந்தோமில்லை. அங்ஙனம் அறியத்தக்கவற்றுள் ஒன்று, மன்னிப்பு என்பதற்குக் கிறிஸ்தவர் கொள்ளும் பொருளாகும்.

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பெற்றது. மன்னிப்பைக் குறிக்க அதில் வரும் சொல்லுக்கு ‘விட்டுவிடுதல்’ என்பது நேர்ப்பொருள். கடனை விடுதலையும் அச்சொல் குறிக்கும். ஆகவே, குற்றம் ஒரு கடன். மன்னிப்பு அக்கடனை நீக்குதல். இக்கருத்தை விளக்க இயேசுநாதர் கூறிய உவமைக் கதையொன்று மத்தேயு சுவிசேஷத்தின் 18 ஆம் அதிகாரத்தில் உள்ளது. பேதுரு என்னும் சீடர், பிழை செய்த சகோதரனை ஏழுமுறை மன்னித்தாற் போதுமா என வினவினார். எண்ணி வரையறுக்கத்தக்கதன்று மன்னிப்பு என்பதே விடையின் கருத்து. அதனைத் தொடர்ந்தே கதை வருகிறது.

ஊழியன் ஒருவன் தன் அரசனுக்கு 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒருவனின் ஒருநாட் கூலி. எனவே அவன் கடன் 6 கோடி நாட்கூலிக்குச் சமம். ஆண்டுக்கு 300 நாள் உழைப்பவன் அதனைத் தீர்க்க 2 இலட்சம் ஆண்டுகள் வேண்டும்! அரசன் மனமிரங்கி முழுவதையும் விட்டுவிட்டான். வெளியே வந்த ஊழியனோ, தனக்கு 100 தெனாரி தரவேண்டிய தோழனின் கழுத்தைப் பிடித்து நெரித்து, அவனைச் சிறையில் இடுவித்தான். அரசன் அதையறிந்து சினந்து தண்டித்தான்.

இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். 100 தெனாரி அற்பத் தொகையன்று. நம் ஊரில் கரைவலை இழுக்கும் தொழிலாளி ஒருவரின் நூறுநாட் கூலியை எவரேனும் கொடாதுவிட்டால் அவர் இல்லம் என்னாகும்? பிறர் நமக்குச் செய்த தீங்கு சிறிதென இக்கதை கூறவில்லை. நாம் பெற்ற அருள் அதனினும் மிகப் பெரிதென்றே கூறுகின்றது. பெற்றவன் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பதே கிறிஸ்தவ நோக்கின் மையம்.

பெறுதல் எங்ஙனம்? இறைவனின் மன்னிப்பை விலைகொடுத்து வாங்கவியலாது, அது கிருபை. ஆயினும் மனந்திரும்புதல் வேண்டும். லூக்கா சுவிசேஷத்தின் 15 ஆம் அதிகாரத்துக் கதையிலே, சொத்தை அழித்த இளைய மகன் வீடுநோக்கி நடக்கின்றான். தந்தையோ அவன் தூரத்தில் வரும்போதே ஓடிச்சென்று தழுவுகின்றார். மகன் நடந்ததும் வேண்டும். தந்தை ஓடியதும் வேண்டும். கத்தோலிக்கர் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வர். மெதடிஸ்த சபையார் பொது வழிபாட்டில் ஒருமித்துப் பாவத்தை அறிக்கையிடுவர். முறை வேறாயினும் நோக்கம் ஒன்றே.

அளித்தல் என்பது யாது? தீங்கை மறத்தலா? நீதியைக் கைவிடலா? இரண்டும் அல்ல. 1981 மே 13 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சுடப்பட்டார். 1983 டிசெம்பரில் அவர் ரோமாபுரிச் சிறைக்குச் சென்று, தம்மைச் சுட்டவரோடு உரையாடினார். அவரை முன்னரே மன்னித்திருந்தார். எனினும் சுட்டவர் 2000 ஆம் ஆண்டு வரை இத்தாலியச் சிறையிலே இருந்தார். மன்னிப்பு நெஞ்சின் பகையை நீக்கியது. நீதிமன்றின் தீர்ப்பு தன் வழியே நடந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியோரை மன்னித்ததாகக் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அறிவித்தார். அதே ஆண்டகை, உண்மை வெளிப்படல் வேண்டும் என்பதையும் இடையறாது வற்புறுத்தி வந்தார். 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம், முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாதிக்கப்பட்டோருக்காக 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல என்பதற்கு இவை சான்றாகும்.

அத்துன்பத்தின் தொடர்ச்சி நம் வாசலுக்கே வந்தது. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் குண்டுதாரிகள் தங்கியிருந்த வீட்டிலே 15 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர் அறுவர். ஐயத்துக்குரியோர் வந்து தங்கியிருப்பதைக் கண்டு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. ஆயினும் அந்நாட்களில் அச்சமுதாயம் முழுவதையும் ஐயுற்றோர் பலர். மன்னிப்பைப் பற்றிய தெளிவு இங்கே பயன்படுகின்றது. கடன்பட்டவனிடமே கடனைக் கேட்கலாம். கடனில்லாதவனிடம் கேட்டல் அநீதி. குற்றஞ்செய்யாத அயலவனை ‘மன்னித்தோம்’ எனக் கூறுவதுகூட, அவன்மீது குற்றத்தைச் சுமத்துவதேயாகும். அவனுக்குரியது மன்னிப்பன்று, நீதியும் நட்புமே. 1990 ஆம் ஆண்டின் கொடுமைகளைக் கண்ட கிழக்கின் தமிழரும் முஸ்லிம்களும் இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும்.

இக்கருத்துக்கள் நமக்கு அந்நியமானவையல்ல. தம்மைக் கிணற்றிலிட்ட சகோதரரை மன்னித்த யூசுப் நபியின் வரலாறு திருக்குர்ஆனிலும் உண்டு. யோசேப்பு என்னும் பெயரால் வேதாகமத்திலும் உண்டு. காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் மனக்குறையுடைய சகோதரன் இருப்பதை நினைவுகூர்ந்தால், அதனைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் அவனோடு ஒப்புரவாகுக என்பது இயேசுநாதரின் போதனை. ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் உற்றாரிடமும் அயலாரிடமும் பிழை பொறுக்கக் கேட்டு விடைபெறும் வழக்கத்தை இதனோடு ஒப்பிடுக. மனிதனுக்குச் செய்த பிழையை மனிதனிடமே தீர்த்தல் வேண்டும் என இரு மார்க்கங்களும் கற்பிக்கின்றன.

மன்னிப்புக் கேட்பவன், தான் பறித்ததைத் திருப்பிக் கொடுக்கட்டும். சகேயு என்னும் வரிவசூலிப்பவர், அநியாயமாய்ப் பெற்றதை நான்கு மடங்காகத் தர முன்வந்தார் என்பது சுவிசேஷம். மன்னிப்பு அளிப்பவன், மீண்டும் அதனைக் கணக்கேட்டில் எழுதாதிருக்கட்டும். இவ்விரண்டும் கூடும் இடத்திலே அயலவர் இருவர் அச்சமின்றி ஒருவர் வாசலில் மற்றவர் நிற்றல் இயலும்.