அருவிகளைத் தேடி மூன்று நாள் நடை

சேவூரில் பட்டுச் சேலைக்குப் பாவு போடும் முன்பே நெசவாளர் இழைக் கணக்கையும் நீளக் கணக்கையும் முடித்துவிடுகிறார். தறியில் ஏற்றிய பிறகு திருத்துவது கடினம் அல்லவா? மலைநடையும் அப்படித்தான். கணக்குகளை எல்லாம் வீட்டிலேயே போட்டுவிட வேண்டும்.

சேவூருக்கு மேற்கே நீண்டு கிடக்கிறது ஜவ்வாது மலை. ஆரணி வழியாக ஓடும் கமண்டல நாகநதி பிறப்பது அங்கேதான். ஜமுனாமரத்தூர் அருகே பீமன் அருவியும், வேலூர்ப் பக்கம் அமிர்தி அருவியும் உள்ளன. ஆசிரியர் துணையுடன் பத்துப் பேர் இம்மலையில் மூன்று நாள் நடக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். எதையெல்லாம் கணக்கிட வேண்டும்?

எப்போது போவது?

இம்மலை கடினப் பாறையால் ஆனது. பாறைக்குள் நீர் தங்குவதற்கு வெடிப்புகளும் விரிசல்களுமே இடம். ஆகவே மழை நின்ற சில மாதங்களில் ஓடைகள் மெலிந்துவிடும். கோடையில் அருவி வறண்டிருக்கும். சருகு காய்ந்து காட்டுத்தீ அபாயமும் இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும் ஏற்ற காலம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கே சரிவு செங்குத்து என்று பொருள். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய விதியைச் சொன்னார். மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. நடை, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். 12 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் மூன்றரை மணி நேரம் வருகிறது. சுமையும் ஓய்வும் சேர்த்து ஒன்றரை மடங்காக்குங்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலை 4 மணிக்குள் தங்குமிடம் சேர வேண்டுமானால், காலையில் எப்போது புறப்பட வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

தண்ணீர்க் கணக்கு

நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர் வீதம், 5 மணி நேரத்துக்கு ஒருவருக்கு இரண்டரை லிட்டர் வேண்டும். 1 லிட்டர் நீரின் எடை 1 கிலோ. பத்துப் பேருக்கு 25 கிலோ! மூன்று நாள் நீரையும் முதுகில் சுமக்க இயலாது. வழியில் நீர் கிடைக்கும் இடங்களை ஊர்க்காரர்களிடம் கேட்டு வரைபடத்தில் முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். ஓடை நீர் தெளிவாக இருந்தாலும் கிருமிகள் இருக்கலாம். துணியை நான்காக மடித்து வடிகட்டி, நன்றாகக் கொதித்த பின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்க விட்டுக் குடியுங்கள். அடுப்பை ஊருக்குள் மூட்டுங்கள். காட்டுக்குள் தீ கூடாது.

நீரே பகையாகும்போது

1 சதுர கிலோமீட்டர் சரிவில் 10 மி.மீ. மழை பெய்தால் எவ்வளவு நீர்? 1 கோடி லிட்டர்! அதில் ஒரு பகுதி ஒரே ஓடையில் திரண்டாலும் வெள்ளம்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே மழை பெய்துகொண்டிருக்கும். நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். வேகம் இரு மடங்கானால் நீரின் தள்ளுவிசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு நீரும் ஆளைச் சாய்த்துவிடும்.

அருவியின் அடியில், விழும் நீரும் அது சுழற்றும் கற்களும் பாறையைக் குடைந்து ஆழமான மடுவை உண்டாக்குகின்றன. அங்கே நுரைக்கும் நீரில் காற்றுக் குமிழிகள் கலந்திருப்பதால் அடர்த்தி குறைவு. மிதப்பு விசையும் குறைவு. நீச்சல் தெரிந்தவரும் அதில் அமிழ்வது இதனால்தான்.

அனுமதி ஏன்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலைநடை சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் தமிழக அரசு மலைநடைக்குத் தனி விதிகளை வகுத்தது. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்காதீர்கள். யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தானே தேடி வர முடியும்? இரவுத் தங்கல் ஊருக்குள் இருக்கட்டும். செல்லும் வழி, திரும்பும் நேரம், பெயர்ப் பட்டியல் ஆகியவற்றின் படியைப் பள்ளியிலும் வீட்டிலும் கொடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் செய்து பாருங்கள்

உங்கள் ஊரிலிருந்து தெரியும் ஒரு மலையைத் தேர்ந்தெடுங்கள். தூரம், ஏற்றம், நேரம், நீர், சுமை என்று ஐந்து பத்தி அட்டவணை போடுங்கள். ஆறாவதாக ஒரு பத்தி சேருங்கள்: ‘எந்நிலையில் பாதியிலேயே திரும்புவோம்?’ மழை, காய்ச்சல், தாமதம் என ஒவ்வொன்றுக்கும் விடையை முன்கூட்டியே எழுதுங்கள். அருவி அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். திரும்பி வரத் தெரிந்தவரே அதை மீண்டும் காண்பார்.