உறக்கத்தைக் கடன் வைக்கலாகாது

இரவு வேளையில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கல்முனைக்கோ புறப்படும் பஸ்ஸில் ஏறும் பயணி, சாரதி விழித்திருப்பார் என்ற நம்பிக்கையிலேயே கண்ணயர்கின்றார். ஆனால், அச்சாரதி முதல்நாள் எத்தனை மணித்தியாலங்கள் உறங்கினார் என்பதை எவரும் கேட்பதில்லை. அதிகாலை விபத்துகளுக்குச் சாரதியின் நித்திரைக் கலக்கமே காரணம் என்ற செய்தியை நாம் அடிக்கடி வாசிக்கின்றோம். அத்துடன் மறந்தும் விடுகின்றோம்.

வளர்ந்தோருக்கு எவ்வளவு உறக்கம் தேவை? 18 முதல் 60 வயது வரையானோர் நாளாந்தம் 7 மணித்தியாலங்கள் அல்லது அதற்கு மேல் உறங்க வேண்டுமென அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும் உறக்க ஆய்வுச் சங்கமும் 2015ஆம் ஆண்டில் கூட்டாகப் பரிந்துரைத்தன. 65 வயதைக் கடந்தோருக்கும் 7 முதல் 8 மணித்தியால உறக்கம் அவசியமென்பதே நிபுணர்களின் கருத்தாகும். முதுமையில் உறக்கம் குறைவது இயல்பாயினும் அதன் தேவை பெரிதும் குறைவதில்லை.

தொடர்ந்து குறைவாக உறங்குவோரிடையே நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இதய நோய், பாரிசவாதம், மனச்சோர்வு ஆகியன கூடுதலாகக் காணப்படுகின்றன. இத்தீங்கு உறங்காதவருக்குப் புலப்படுவதில்லை என்பதே கவலைக்குரியது. இரு வாரங்கள் நாளொன்றுக்கு 6 மணித்தியாலங்களுக்கு மேல் உறங்க இடமளிக்கப்படாதோரின் கவனத்திறன், இரண்டு இரவுகள் வரை முற்றாகக் கண்விழித்தோரின் நிலைக்குத் தாழ்ந்ததைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அவர்களோ தாம் ஓரளவே களைப்புற்றிருப்பதாகக் கருதினர். 17 மணித்தியாலங்கள் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், குருதியில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலையை ஒத்ததென 1997ஆம் ஆண்டின் அவுஸ்திரேலிய ஆய்வொன்று கூறியது. மது அருந்திய சாரதியைத் தண்டிக்கும் சமூகம், உறங்காத சாரதியை உழைப்பாளி எனப் பாராட்டுவது முரணன்றோ?

சிவராத்திரியில் கண்விழிப்போரும், ரமழானில் தராவீஹ் தொழுகைக்கும் ஸஹருக்குமிடையே உறக்கம் சுருங்கப்பெறுவோரும் பகலில் சற்று ஓய்வெடுத்தல் நன்று. நண்பகலில் சிறிது கண்ணயரும் 'கைலூலா' வழக்கம் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. ஏனைய நாட்களில் குறித்த நேரத்தில் உறங்கி எழுவதும், கையடக்கத் தொலைபேசியைப் படுக்கைக்குக் கொண்டு செல்லாதிருப்பதும் பயன்தரும். தேநீரிலும் கோப்பியிலுமுள்ள கஃபேன் உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 5 மணித்தியாலங்கள் செல்லுமாதலால், மாலைக்குப் பின் அவற்றைத் தவிர்த்தல் சிறந்தது. பலத்த குறட்டையுடன் பகலிலும் உறக்கம் மேலிடுமாயின் வைத்தியரை நாடவேண்டும்.

எனினும், இவ்விடயத்தைத் தனிமனிதரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிட முடியாது. இரவுப் பணியை முடித்தவரை மறுநாட்காலையே மீண்டும் பணிக்கழைக்கும் தொழில்தருநரும், ஒரே சாரதியை ஓய்வின்றி இருவழியும் ஓட்டவைக்கும் பஸ் உரிமையாளரும் பிறர் உயிருடன் விளையாடுகின்றனர். தூர இடச் சேவைகளில் மாற்றுச் சாரதியும் போதிய ஓய்வும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் அடுத்த விபத்து நிகழும்வரை காத்திராது இதிற் கவனஞ் செலுத்துவார்களா?