பதிவேட்டில் ஒரு வரி

ஒரு வாடகை வீடு, வாசலில் ஒரு பெயர்ப்பலகை, நன்கொடையாக வரும் அரிசி. இருபது ஆண்டுகளுக்கு முன் குழந்தைகள் இல்லம் தொடங்கப் பல ஊர்களில் இவ்வளவே போதுமானதாக இருந்தது. பதிவேட்டில் குழந்தைக்கு ஒரு வரி: பெயர், வயது, சேர்ந்த தேதி. கொண்டுவந்து விட்டவர் யார் என்று எழுத அதில் இடம் இருக்காது. ‘சென்ற தேதி’ என்ற கட்டம் வெறுமையாகவே கிடக்கும்.

2007-இல் மாமல்லபுரத்து இல்லங்களைப் பற்றி வந்த நாளிதழ்ச் செய்தியொன்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. வழக்கு நடக்கும்போதே, 2010-இல், மணிப்பூரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 76 குழந்தைகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீட்கப்பட்டார்கள். அடைக்கலம் என்ற பெயரே அங்கே கடத்தலுக்குத் திரையாக இருந்தது.

2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும். இன்று மீட்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். படுக்கும் இடம் தலைக்கு 40 சதுர அடி. ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை. ஒரு வரியாக இருந்த குழந்தை இன்று ஒரு கோப்பு. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கில் இல்லாத பிள்ளையைத்தானே இரவோடு இரவாக இடம் மாற்ற முடிந்தது.

அன்று நல்ல இல்லங்களும் இருந்தன. பிள்ளைகளோடு கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்த அம்மாக்கள் அங்கே இருந்தார்கள். தூக்கத்தில் அலறுபவன் யார், சோற்றை மடியில் ஒளித்துவைப்பவள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று ஆற்றுப்படுத்துநர் குறித்த நாளில் வருகிறார், கேட்கிறார், எழுதிக்கொள்கிறார். போலீசிடம் சொன்னதைக் குழுவிடமும், குழுவிடம் சொன்னதை அவரிடமும், பிறகு நீதிமன்றத்திலும் குழந்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று 18 வயது வரை இல்லமே வீடு. இன்று சட்டத்தின் கண்ணில் இல்லம் கடைசி வழி. பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதே நோக்கம். மதுரை, தேனிப் பக்கமிருந்து வடநாட்டு முறுக்குப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போய் மீட்கப்பட்ட சிறுவனுக்கு வேண்டியது அவன் வீடுதான். ஆனால் அவனுக்காக வாங்கிய முன்பணம் அந்த வீட்டில் எப்போதோ செலவாகியிருக்கும். கொத்தடிமை மீட்பில் 20,000 ரூபாயாக இருந்த மறுவாழ்வுத் தொகை 2016 முதல் குழந்தைகளுக்கு 2 லட்சம். அது முழுதாகக் கைக்கு வர வழக்கு முடிய வேண்டும்.

‘சென்ற தேதி’ இப்போது சில மாதங்களிலேயே நிரம்பிவிடுகிறது. கோப்பு மூடப்படுகிறது. ஊரில், முன்பணம் கொடுத்த தரகர் அதே தெருவில்தான் இருக்கிறார்.